ரத்தக்கட்டியா, புற்றுக்கட்டியா?

2019-ல் என் நாத்தனாருக்கு மாடி ஏறினாலே மூச்சு இரைத்தது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். உறைவைத் தடுக்கும் மாத்திரையை மூன்று மாதம் வேளை தவறாமல் சாப்பிட்டாள். இரைப்பு குறையலை, உடம்பு இளைத்ததுதான் மிச்சம்.

"ஒழுங்கா சாப்பிட்டும் ஏன் டாக்டர் கரையலை?" என்று கேட்டேன். அவர் மறுபடி சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். குழாயின் உட்சுவரில் முளைத்த புற்றுக்கட்டி அது! ஆபரேஷன் செய்து அகற்றினார்கள்.

பயப்படாதீர்கள் சகோதரிகளே, இது மிக மிக அபூர்வம். 1923-ல் மாண்டல்ஸ்டாம் என்ற மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் கண்டு முதன்முதலாக எழுதினார். சி.டி. ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் புற்றுக்கட்டிக்குள் ரத்தம் ஓடும். அதனால் ஊசிவழி மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால் பளிச்சிடும், பெட் ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒளிரும். உறைந்த ரத்தம் பொதுவாக அப்படித் தெரியாது. சதைத் துணுக்கைச் சோதித்தால்தான் நிச்சயம்.

இந்தக் குழாய் அடைப்புக்குப் பெரும்பாலும் ரத்த உறைவே காரணம். ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தவறாமல் சாப்பிட்டும் குணம் தெரியலையா? எடை குறைகிறதா, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதா? கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.