பிச்சாவரம்: வெட்டிய காடும் வளர்ந்த காடும்

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வாங்கித் தந்த மரத்தை இன்று ஊருக்குள் தேடினால் கிடைப்பது அரிது. நடராசர் கோயிலின் தலமரம் அது. காட்டில் வளர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கிள்ளை வழியாகச் சுமார் 15 கி.மீ. கிழக்கே பிச்சாவரம் போக வேண்டும். உதிரும் முன் அதன் இலை செக்கச்செவேலென்று சிவக்கும். கிளையை ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அதில் கை வைப்பதில்லை.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே, ஐம்பதுக்கு மேற்பட்ட திட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. படகில் போகிறவர்கள் இருபுறமும் வளைந்து இறங்கும் சுரபுன்னை வேர்களைப் பார்த்துவிட்டு, காலகாலமாக இது இப்படியே இருந்து வந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே படமாக்கிய எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' 1975இல் வெளிவந்தபோது திரையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரிந்தது. ஆனால் ஓடைக் கரைகளைத் தாண்டி உள்ளே போனால், உமரிச் செடி மட்டும் படர்ந்த வெட்டவெளிகள் அப்போது ஏராளம்.

அந்த வெட்டவெளிகள் தானாக வந்தவை அல்ல. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, ஒரு கூப்பில் இருந்த மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டி எடுத்தார்கள். சில ஆண்டுகளில் மறுபடி தழைத்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டில் அது ஓரளவு நடக்கலாம், சேற்றுக்காட்டில் நடக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. ஈரம் வற்றி மண் அமுங்கி, வெட்டிய இடம் தாம்பாளம் போலப் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாகி, உப்பு மட்டும் மண்ணில் தங்கியது. எந்த விதை விழுந்தாலும் அந்த உப்பில் பிழைக்கவில்லை.

இத்தனை காலமும் பழியைச் சுமந்தவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள்தான். அவர்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், அதனால் காடு அழிந்தது என்று சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஆய்வு செய்தபோதுதான் முதன்மைக் காரணம் கூப்பு முறையே என்பது தெளிவானது. என்னைக் கேட்டால், பிச்சாவரத்தின் வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் இதுதான். நோய் எது என்று தெரிந்த பிறகு வைத்தியம் எளிதாகவே இருந்தது. இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். அலை உள்ளே வந்து திரும்பிப் போக வழி கிடைத்ததும் உப்பு கரைந்து வெளியேறியது. வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்தாரும் சேர்ந்து இதைச் செய்தார்கள். பழி சுமந்த மக்களே வாய்க்கால் வெட்டினார்கள், கன்று நட்டார்கள். 1986 முதல் 2002 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது.

காடு கூடினால் இறால் கூடும் என்பதை இங்குள்ள இருளர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடையில் இறங்கி, வேர்களின் இடுக்கில் வெறுங்கையால் துழாவி இறாலைப் பிடித்து, பனையோலைப் பறியில் போடுகிறவர்கள் அவர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் காட்டின் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்ற ஊர்கள் சிதைந்தன. தப்பித்ததற்குக் காரணம் மரங்களா, கடலிலிருந்து இருந்த தூரமும் மேடுமா என்று ஆய்வாளர்களிடையே வாதம் நடந்தது. மூன்றுக்குமே பங்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

பரப்பு மீண்டாலும் பழைய காடு அப்படியே மீளவில்லை. இன்று பிச்சாவரத்தில் பெரும்பான்மை வெண்கண்டல்தான். உப்பை இலை வழியாகக் கக்கிவிடும் மரம் அது. வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் விரலில் உப்புத்தூள் ஒட்டும். உப்பு ஏற ஏற அதுவே ஓங்குகிறது, நன்னீர் கலந்த நீரை விரும்பும் மரங்கள் ஒதுங்குகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் சேற்று அடுக்குகளில் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்தபோது, அத்தகைய மரங்கள் முன்பு செழித்திருந்த தடயம் கிடைத்தது. இழப்புக்கு நடுவே ஒரு புதுவரவும் உண்டு. சுரபுன்னை இனங்கள் கலந்து பிறந்த கலப்பின மரம் ஒன்றைப் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசன் இங்கே அடையாளம் கண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் அது ரைசோபோரா அண்ணாமலையானா ஆனது.

2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்தால் மட்டும் போதாது. மீன்முள் வாய்க்கால்கள் வண்டல் படிந்து தூர்ந்துபோகும், அவ்வப்போது தூர்வார வேண்டும். அதைவிடப் பெரிய கவலை நன்னீர். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்றுநீரின் போக்கே மாறிவிட்டது. காவிரியின் கிளையான கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதெல்லாம் 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்ற பேச்சு எழுகிறது. அந்த நீரில்தான் இந்தக் காட்டின் உப்பு தணிகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் பங்கிட்ட 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கு 10, கடலில் சேர்வதற்கு 4 என்று ஒதுக்கியது. காவிரிப் படுகை முழுமைக்குமே அவ்வளவுதான்.