எடுத்த இடத்திலேயே விட வேண்டாம்! பொது சைக்கிளில் சேர்ந்தால் யாருக்கு லாபம்?

சென்னை,

வேலைக்கு போய் வரும் பலருக்கு பஸ், ரெயிலுக்கு ஆகும் செலவை விட, ஸ்டேஷனில் இறங்கிய பிறகு ஆகும் செலவுதான் அதிகம். சீசன் டிக்கெட் மாதம் முழுக்க தாங்கும். ஆனால் ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் ஷேர் ஆட்டோவுக்கு கை நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் அரை மணி நேரம் நடராஜா சர்வீஸ்தான்!

2021ம் ஆண்டு முதல் தமிழகத்தில் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆனது. அப்படி காசில்லாமல் வந்து இறங்கும் பெண்கள் கூட, கடைசி 2 கிலோ மீட்டருக்கு பர்சை திறக்க வேண்டியிருக்கிறது.

இந்த 2 கிலோ மீட்டர் தொல்லையை தீர்க்கத்தான் பல நாடுகளில் பொது சைக்கிள் திட்டம் வந்தது. சென்னையிலும் 2019ம் ஆண்டு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ‘ஸ்மார்ட் பைக்’ என்ற பெயரில் இந்த சைக்கிள்கள் ரோட்டுக்கு வந்தன. ‘இது பார்க்கில் ஜாலியாக ஓட்டுபவர்களுக்குத்தானே’ என்று பலர் ஒதுங்கி விட்டனர். உண்மையில் இது வேலைக்கு போகிறவர்களை மனதில் வைத்து உருவான திட்டம்.

வாடகை சைக்கிள் கடை மாதிரியா?

ஒரு காலத்தில் தெருவுக்கு தெரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கணக்கில் வாடகை. நோட்டில் பெயர், நேரம் எழுதி விட்டு சைக்கிளை தருவார்கள். ஆனால் எடுத்த கடையிலேயே திருப்பி விட வேண்டும். காலையில் எடுத்து கம்பெனி வாசலில் நிறுத்தினால், சாயங்காலம் வரை வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த சைக்கிள் வேலைக்கு போக உதவவில்லை.

பொது சைக்கிளில் அந்த சிக்கல் கிடையாது. ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் எடுக்கலாம். வேலை இடத்துக்கு பக்கத்து ஸ்டாண்டில் விட்டு விட்டு போகலாம். ஓட்டிய 10 நிமிடத்துக்குத்தான் கணக்கு. அதன் பிறகு அதே சைக்கிளை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவார். சாயங்காலம் மழை கொட்டுகிறதா? சைக்கிளை பற்றிய கவலையே இல்லாமல் பஸ் ஏறி விடலாம்.

‘சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கினால் போதாதா?’ என்று கேட்கலாம். வீட்டில் இருந்து நேராக சைக்கிளிலேயே வேலைக்கு போகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் ரெயிலில் வருபவர் வீட்டு சைக்கிளை கூட்ட நெரிசலில் தூக்கி வர முடியாது. இறங்கும் ஸ்டேஷனில் ஒரு சைக்கிளை போட்டு வைத்தால் தினமும் ஸ்டாண்டு காசு, பஞ்சர் செலவு, களவு போகும் பயம். பொது சைக்கிளில் பஞ்சர் ஒட்டுவதும், செயின் மாற்றுவதும் திட்டத்தை நடத்துகிறவர்கள் பொறுப்பு.

கணக்கு போட்டு பாருங்க!

ஷேர் ஆட்டோவுக்கு ஒரு தடவைக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போக வர ஒரு நாளைக்கு 30 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் 780 ரூபாய்! பொது சைக்கிளின் மாத பாஸ் இதை விட குறைவாக இருந்தால் மிச்சம் அத்தனையும் கையில் நிற்கும்.

நேரமும் மிச்சம். 2 கிலோ மீட்டர் நடக்க 25 முதல் 30 நிமிடம் ஆகும். நிதானமாக சைக்கிள் மிதித்தாலே 10 நிமிடத்தில் போய் விடலாம். ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை காத்திருக்கவும் வேண்டாம். சென்னை மேடு பள்ளம் அதிகம் இல்லாத ஊர் என்பதால் மிதிப்பதும் சுலபம்.

அரை மணி ரகசியம்

பிரான்சு தலைநகர் பாரீசில் 2007ம் ஆண்டு ஜூலை 15ந்தேதி ‘வெலிப்’ என்ற பொது சைக்கிள் திட்டம் தொடங்கியது. அங்கு பாஸ் எடுத்தவர்களுக்கு முதல் 30 நிமிடம் இலவசம். அதன் பிறகு கட்டணம் கிடுகிடுவென ஏறியது. ஏன் இப்படி? ஒருவரே நாள் முழுக்க சைக்கிளை வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு கிடைக்காது. சீக்கிரம் விட்டால்தான் ஒரே சைக்கிள் ஒரு நாளில் பல பேருக்கு உதவும்.

அங்கு ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு ஸ்டாண்டு வைத்தார்கள். மேட்டில் இருந்து இறங்கும்போது சைக்கிள் எடுத்தவர்கள், மேலே ஏற மட்டும் எடுக்கவில்லை! கீழே சைக்கிள் குவிந்தது. மேலே ஸ்டாண்டு காலி. இதற்காக மேட்டு பகுதி ஸ்டாண்டில் கொண்டு வந்து விடுபவர்களுக்கு 15 நிமிடம் கூடுதல் இலவசம் என்று சலுகை தரப்பட்டது.

செல்போன் ஆப் எல்லோருக்கும் ஒத்து வராது. சீனாவின் ஹாங்சூ நகரில் 2008ல் தொடங்கிய திட்டத்தில் பஸ்சுக்கு காட்டும் கார்டையே சைக்கிளுக்கும் காட்டலாம். முதல் ஒரு மணி நேரம் இலவசம். நம் பக்கத்து ஊரான மைசூருவில் 2017 ஜூனில் 450 சைக்கிள்களுடன் ‘ட்ரின் ட்ரின்’ திட்டம் வந்தபோதும் ஸ்மார்ட் கார்டு கொடுக்கப்பட்டது.

முன்பணம்... உஷார்!

கோவையில் 2018ல் சீனாவின் ‘ஓபோ’ நிறுவனம் மஞ்சள் சைக்கிள்களை இறக்கியது. அதே ஆண்டில் அந்த நிறுவனம் இந்தியாவை விட்டே கிளம்பி விட்டது. சீனாவிலோ இன்னும் மோசம். 2018 டிசம்பரில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் கட்டிய முன்பணத்தை திருப்பி கேட்டு ஆன்லைனில் வரிசை கட்டினர்.

எனவே எந்த ஊரில் சேருவதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் 3 விஷயங்களை பார்த்து விட வேண்டும்.

* இறங்கும் இடத்திலும், வேலை இடத்திலும் 5 நிமிட நடைக்குள் ஸ்டாண்டு இருக்கிறதா? ஒரு பக்கம் இல்லாவிட்டாலும் பயன் இல்லை.

* வேலைக்கு போகும் நேரத்தில் அந்த ஸ்டாண்டில் ஓட்டுகிற நிலையில் சைக்கிள் நிற்கிறதா? சாயங்காலம் திருப்பி விட இடம் இருக்கிறதா? நாலைந்து நாள் நேரில் பார்த்தாலே தெரிந்து விடும். காலியான ஸ்டாண்டுக்கு வேனில் சைக்கிள் கொண்டு வந்து நிரப்பாவிட்டால் திட்டம் படுத்து விடும்.

* முன்பணம் எவ்வளவு? விலகினால் எத்தனை நாளில் திரும்ப வரும்? முதலில் ஒரு மாத பாஸ் மட்டும் எடுத்து ஓட்டி பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பஸ், லாரிக்கு நடுவே சைக்கிள் ஓட்ட பயமாக இருக்கிறது என்பதும் நியாயமான பேச்சு. தனிப்பாதை இல்லாத மெயின் ரோட்டை விட்டு, கொஞ்சம் சுற்றானாலும் உள் தெரு வழியாக போவது நல்லது.

இந்த 3 கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாக சேரலாம். சேருகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பூட்டாமல் போட்டு விட்டு போகும் ஒவ்வொரு சைக்கிளும் மறுநாள் காலையில் யாரோ ஒருவரை ஷேர் ஆட்டோவை தேட வைக்கும்!