அவசர இரவில் மருத்துவக் கோப்பு எங்கே இருக்கும்?

2023 டிசம்பர் மாதத்தை எண்ணூர் மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளம், மணலிப் பக்கத்திலிருந்து கலந்த எண்ணெயுடன் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில் புகுந்தது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பகுதி மக்கள் உறக்கம் கலைந்து வீடுகளை விட்டு வெளியேறினர். மூச்சுத்திணறலுடன் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

அத்தகைய இரவில் பீரோவைத் திறந்து மருத்துவக் கோப்பைத் தேடி எடுக்க எவருக்கும் நேரம் இராது. ஆனால் அவசரச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்பவை அக்கோப்பில் உள்ளவையே. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள் எவை? எந்த மருந்து ஒவ்வாது? இதயத்தில் ஸ்டென்ட் எப்போது பொருத்தப்பட்டது? இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுக்கிறாரா? விடை தெரியாதபோது சோதனைகளைத் திரும்பச் செய்ய நேர்கிறது, சிகிச்சை தாமதமாகிறது.

மருத்துவமனையிலேயே எல்லாம் இருக்குமே என்று எண்ணலாம். இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்குமாறு மருத்துவர்களைப் பணிக்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்கவும் சொல்கின்றன. அதற்கு முந்தைய பதிவுகள் உங்களிடம் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.

எங்கே சேமிப்பது?

கிளவுட் சேமிப்பு என்பது, நம் கோப்பின் நகலை இணையத்தின் வழியே வேறோர் இடத்திலுள்ள கணினிகளில் வைத்திருப்பதாகும். வீட்டில் வெள்ளம் புகுந்தாலும், கைப்பேசி தொலைந்தாலும் அந்நகல் அழியாது. கூகுள் கணக்கு உடையவர்க்கு 15 ஜிபி இடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2015 ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில், நாமே பதிவேற்றும் ஆவணங்களுக்கு 1 ஜிபி இடம் உண்டு.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரி, அண்மைய மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஈசிஜி, எக்கோ அறிக்கை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுங்கள். எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் பெயர், அறிக்கையின் வகை, தேதி ஆகியவற்றைத் தலைப்பாக இடுங்கள். நூறு படங்களுக்கிடையே தேடும் தவிப்பு நீங்கும்.

14 இலக்க ஆபா எண் பெற்றவர்கள், பழைய அறிக்கைகள் தாமாகவே அதில் சேர்ந்திருக்கும் என்று கருதவேண்டா. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். அது இத்திட்டத்தில் இணைந்திருந்தால், உங்கள் ஒப்புதலுடன் பகிரப்படும்.

இன்னொருவராலும் திறக்க இயலவேண்டும்

நோயாளி நினைவிழந்த நிலையில், அவருடைய கைரேகையால் மட்டும் திறக்கும் கைப்பேசியில் உள்ள கோப்பு உதவாது. ஆகவே அக்கோப்புறையை இன்றே குடும்பத்தினர் இருவருடன் பகிர்ந்து வையுங்கள். ஆலையில் இரவுப் பணியிலிருக்கும் மகளோ, கப்பலில் பணிபுரியும் மகனோ இணைய வசதி இருந்தால் உடனே மருத்துவருக்கு அனுப்பிவிடலாம். அவர்களின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும், பார்வையிடும் உரிமையோடு பகிருங்கள். இணைப்பைப் பெறும் எவரும் திறக்கலாம் என்ற அமைப்பைத் தவிருங்கள். கடவுச்சொல்லையும் ஓடிபி எண்ணையும் எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

மனத்திற்கொள்ள வேண்டியவை

கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை நீக்கினால், கிளவுடில் உள்ள நகலும் நீங்கும். கூகுள் டிரைவில் நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் மட்டுமே இருக்கும். 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும். ஆகவே முதியவர்களின் கணக்கை அவ்வப்போது திறந்து பாருங்கள்.

புயல் நாட்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்படுவதை நாம் அறிவோம். எனவே மருந்துகள், ஒவ்வாமை, இரத்த வகை, அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, குடும்ப அட்டையுடன் கதவருகே வைத்திருங்கள். முக்கியக் கோப்புகளை இணையமின்றியும் திறக்குமாறு கைப்பேசியில் பதிவிறக்கி வையுங்கள்.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவில் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே இப்பணியைத் தொடங்கிவிடலாம். அன்று கையிலிருக்கும் மருந்துச் சீட்டே முதல் படமாக அமையட்டும்.