போன மாதம் எந்த முடிவால் காசு போனது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன யூனிட் நடத்துபவர்கள், டிராயிங் போடுபவர்கள், பர்ச்சேஸ் பார்ப்பவர்கள் எனச் சிலர் சேர்ந்து வடிவமைப்பு மேலாண்மைக்கு ஒரு குழு வைத்திருக்கிறோம். மாதாமாதம் நாலு பக்கத்தில் ஒரு சுற்றிதழ் போடுகிறோம். காலமெல்லாம் டூல் ரூமில் இருந்தவன் என்பதால், கட்டுரைக்குத் தலைப்புப் பிடிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வடிவமைப்பு என்றதும் பலருக்கு நிறமும் பளபளப்பும்தான் நினைவுக்கு வரும். அதை மேலாண்மை செய்வது கொஞ்சம் வறட்சியான சமாச்சாரம். பொருள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார், எந்தக் கட்டத்தில், பிறகு மாற்றினால் செலவு யார் தலையில், மாறிய விஷயம் மெஷினில் நிற்பவருக்குத் தெரியுமா? இவ்வளவுதான்.

தலைப்புப் பிடிக்க எல்லோரையும் கூட்டிப் பேசவைக்கலாம்தான். அப்படிக் கூடி உட்கார்ந்து தோன்றியதையெல்லாம் சொல்லும் முறையைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். நாலு பேர் கூடிப் பேசியதைவிட, நாலு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்துப் பார்த்தபோது யோசனைகள் அதிகமாக இருந்தன. நமக்கு இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். முதலாளி எதிரே உட்கார்ந்திருக்க, மெஷின் செட்டர் வாயைத் திறப்பாரா? அதனால் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்துவிடுவேன். பெயர் போட வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: போன மாதம் எந்த முடிவால் காசு போனது?

அப்படி வந்த ஒரு சீட்டு: 'ட்ரையல் முடிந்த பிறகு சுவர் கனத்தை 3 மில்லியிலிருந்து 2.5 ஆக்கச் சொன்னார்கள்.' பிளாஸ்டிக் மோல்டு தெரியாதவர்களுக்கு இது அரை மில்லி விஷயம். ஆனால் மோல்டில் எல்லாமே தலைகீழ். பொருளில் கனம் கூட வேண்டுமென்றால் ஸ்டீலைக் கொஞ்சம் வெட்டி எடுத்தால் போதும். கனம் குறைய வேண்டுமென்றால் ஸ்டீலைச் சேர்க்க வேண்டும். வெல்டு வைத்து, மறுபடி மெஷினில் போட்டு, பாலிஷ் பிடித்தாலும் சில நேரம் அந்த இடம் பொருளின் மேல் தழும்பாகத் தெரியும். அதனால்தான் பழைய டூல் மேக்கர்கள் சந்தேகமான இடத்தில் ஸ்டீலை விட்டு வைப்பார்கள். எந்த அளவை எப்போது உறுதி செய்வது என்று ஒரு முழு இதழே எழுதலாம்.

இன்னொரு சீட்டில் வெறும் பேச்சு:

"அண்ணே, செவுத்துல ஒட்டியிருக்கற டிராயிங் ரெவிஷன் சி. மெயில்ல டி வந்திருக்காமே?"

"யாருக்கு வந்துச்சு?"

"ஆபீஸுக்கு."

அதற்குள் இரவு ஷிப்ட் முழுக்க 'சி'யில் ஓட்டி முடித்திருந்தார்கள்.

பெரிய இடத்துக் கதை வேண்டுமென்றால் அதற்கும் கலிபோர்னியா போக வேண்டியதில்லை. ஆவடிக்கு ரயில் இருக்கிறது. அர்ஜுன் டாங்கை வடிவமைத்த ராணுவ ஆராய்ச்சி நிலையமும் அதைத் தயாரித்த கனரக வாகனத் தொழிற்சாலையும் அங்கேதான். 1965 முதல் அந்தத் தொழிற்சாலையில் உருண்டு வந்த விஜயந்தா டாங்க், பிரிட்டிஷ் வடிவமைப்பு. தாளில் இருந்ததைச் செய்தார்கள். அர்ஜுன் நம் சொந்த வடிவமைப்பு. 1974இல் ஒப்புதல், தொழிற்சாலையில் தயாரான முதல் ஐந்து டாங்குகள் ராணுவத்திடம் போனது 2004இல். இடையில் ராணுவத்தின் தேவைகள் மாறின, எடை ஏறியது. விஞ்ஞானிகளைக் குறை சொல்வது சுலபம். கேட்கிறவர் கேட்பதை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த டிராயிங்தான் முடியும் என்பதே என் கட்சி. நம் மோல்டுக்கும் இதே வியாதிதான்.

குழுவில் யாருமே எழுதாத ஒரு தலைப்பை நானே சேர்த்தேன். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி ஒரு பொருளின் புதிய தோற்றத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். வேலை செய்யும் விதத்துக்கு அது பொருந்தாது, கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு மட்டும். விண்ணப்பிக்கும் முன் பொருளைச் சந்தைக்கு விட்டுவிட்டால் உரிமை போய்விடும். நம் ஆட்களோ சாம்பிள் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள்.

பூந்தமல்லி, திருமழிசைப் பக்கத்து யூனிட்களிலிருந்து இன்னும் சீட்டு வரவில்லை. எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். என்ன முடிவு, எப்போது எடுத்தது, எவ்வளவு போச்சு என்று மட்டும் சொன்னால் போதும்.