பிரசவத்தோடு போகாத பிரஷர்

"மாசமா இருந்தப்ப பிரஷர் இருந்துச்சு, குழந்தை பிறந்ததும் போயிடுச்சு." பல பெண்கள் இத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். அவர்களிடம் மேற்கொண்டு விசாரிக்கும் மருத்துவர்களும் குறைவு.

இளவயதில் பெண்களின் ரத்த அழுத்தம் ஆண்களைவிடக் குறைவாகவே இருக்கும். ரத்தக் குழாய்களைத் தளர்வாக வைத்திருக்க ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது. மாதவிடாய் நின்றபின் அந்தக் காவல் குறைகிறது. அழுத்தம் வேகமாக ஏறி, அறுபதைத் தாண்டும்போது ஆண்களை எட்டிப் பிடிக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 21 சதவீதம் பேருக்கும் உயர் ரத்த அழுத்தம் உண்டு. ஆண்களுக்கு முன்னதாகவே வருகிறது, ஆனால் அவர்கள் பரிசோதனைக்குப் போவதே அரிது.

பெண்ணுக்கு மட்டுமே உரிய ஆபத்து கர்ப்பகாலத்தில் வருகிறது. 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே கவனம் வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலிப்பு வரை போகக்கூடியது இது. பிரசவமான பின்பும் ஆறு வாரம் வரை வரலாம். இந்தச் சிக்கலைக் கடந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் தாயி கார்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தத்தைப் பாருங்கள்.

ஏற்கெனவே டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடும் பெண் குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவை கருவைப் பாதிக்கும். தானாக நிறுத்திவிடவும் கூடாது.

அழுத்தம் பார்க்கும் முறையிலும் கண்டிப்பாக இருங்கள். நடந்து வந்த களைப்போடு நிற்கவைத்துப் பார்ப்பது சரியல்ல. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும். பட்டையைச் சேலைத் துணிமேல் சுற்றினால் "கையிலேயே சுத்துங்கம்மா" என்று நர்ஸிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மையங்களில் கர்ப்பிணிகளை மருத்துவரே இலவசமாகப் பார்க்கிறார். 2011 முதல் நடைமுறையிலுள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, போகவர வண்டி எல்லாமே இலவசம். யாராவது காசு கேட்டால் 104-இல் புகார் சொல்லலாம். முப்பது வயதைத் தாண்டிய ஆண், பெண் எல்லோருக்கும் துணை சுகாதார நிலையத்தில் பரிசோதனை உண்டு. மனைவியைக் கூட்டிப்போகும் கணவர், தன் கையையும் நீட்டிவிட்டு வரட்டும்.