பிள்ளைகளின் முண்ணாணைத் தாக்கும் பங்கசு நோய்

மழைக்காலத்திற் பழைய பாணிலும் ஈரச்சுவரிலும் படரும் பூசணத்தை யாவரும் அறிவர். அது பங்கசு என்னும் உயிர்வகையைச் சார்ந்தது. பங்கசுகளின் வித்திகள் காற்றிற் கலந்து நாடோறும் நம் சுவாசப்பையினுட் புகுகின்றன. வெண்குருதிக் கலங்கள் அவற்றை விழுங்கி அழித்துவிடுதலாற் பெரும்பாலும் நாம் நோயுறுவதில்லை. அக்காவல் தளர்ந்தவிடத்தே பங்கசு வேரூன்றுகின்றது. பிள்ளைகளின் முண்ணாணை அது தாக்குதல் மிக அரிது. அரிதாதல் பற்றியே காலந்தாழ்த்தி உணரப்படுகின்றது.

முண்ணாண், முள்ளந்தண்டின் ஒடுங்கிய கால்வாயினுள், மூன்று உறைகளாற் போர்த்தப்பட்டுத் தெளிந்த பாய்பொருளிடையே அமைந்துள்ளது. இத்துணைக் காப்புடைய இடத்தையும் பங்கசு பல வழிகளால் அடையும். குறைமாதக் குழந்தைகளிற் கண்டிடா என்பது குருதி வழியே செல்லும். கிரிப்டோகொக்கசு சுவாசப்பையினின்று குருதியிற் கலந்து மூளையுறையையும் முண்ணாணுறையையும் பற்றும். பங்கசைக் கொல்லும் ஆற்றலற்ற வெண்குருதிக் கலங்களோடு பிறக்கும் பரம்பரை நோயுடைய பிள்ளைகளில், அசுப்பேர்சிலசு சுவாசப்பையினின்று அயலிலுள்ள முள்ளென்பை அரித்து உட்செல்வதுண்டு. அங்ஙனந் தோன்றுங் கட்டி முண்ணாணை நெருக்குங்கால் முதுகுவலி, கால்தளர்ச்சி, சிறுநீரடைப்பு என்பன தொடரும்.

இதனைக் கசநோயென மயங்குதல் எளிது. இரண்டும் வாரக்கணக்கில் மெல்ல வளர்வன; முண்ணாணுறை பற்றப்படின் இரண்டிலும் பாய்பொருளிற் புரதம் மிகுந்து வெல்லங் குறையும். வேறுபாடு காட்டுவதும் பெரும்பாலும் அப்பாய்பொருளே. கிரிப்டோகொக்கசாயின், அதன் துளியொன்றில் இந்தியன் மை கலந்து நுணுக்குக்காட்டியில் நோக்க, கரிய புலத்தில் ஒளிவட்டஞ் சூழ்ந்த கலங்கள் தோன்றும். ஏனையவற்றுக்கு வளர்ப்புச் சோதனையும், சிலபோது இழையச் சோதனையும் வேண்டப்படும்.

முதுகில் ஊசியேற்றினாற் கால் வழங்காதுபோம் என அஞ்சிப் பெற்றோர் இச்சோதனையை மறுப்பதுண்டு. முண்ணாண் இடுப்பு முள்ளென்புகளின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். ஊசி செலுத்தப்படுவது அதற்குங் கீழே. கட்டியுண்டென ஐயமிருப்பின் வைத்தியர் முன்னரே எம்.ஆர்.ஐ. படம் எடுத்து நோக்குவர்.

வெனெசுவேலா நாட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றினின்று 1950களில் அம்போதெரிசின் பெறப்பட்டது. அதற்குமுன் இந்நோய் பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது. இன்று புளூக்கொனசோல், வொரிக்கொனசோல் முதலியனவும் உள. மருந்து மாதக்கணக்கில் வேண்டப்படும். சிலர்க்குச் சத்திரசிகிச்சையும் வேண்டும். ஆயினும், இறந்துபட்ட நரம்புக்கலத்தை மீட்கும் மருந்து யாதுமில்லை. ஆதலின், நீங்காத முதுகுவலியோடு பிள்ளையின் நடையுந் தளருமாயின் உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும். ஊசிக்கு அஞ்சிக் கழிக்கும் நாள்களே கால்களை முடக்குவன.