வயிற்றுப்போக்குக்குப் பின் கால் துவண்டால்



2025 தொடக்கத்தில் புனே நகரில் ஏறக்குறைய 200 பேரைக் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் தாக்கியது. நோயாளிகள் சிலருடைய மலத்தில் காம்பைலோபாக்டர் கிருமி இருந்தது. அசுத்தத் தண்ணீராலும் சரியாக வேகாத கோழிக்கறியாலும் குடலுக்குள் வரும் கிருமி அது. அதன் மேலுறைக்கும் நம் நரம்பின் மேலுள்ள ஒரு கொழுப்புப் பொருளுக்கும் ஒரே சாயல். ஆகவே கிருமியை அழிக்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள், ஆள் தெரியாமல் நரம்பையே தாக்குகிறது. வயிற்றுப்போக்கு கண்டவர்களில் மிகச் சிலருக்கே இப்படி நேரும், பயம் வேண்டாம்.

ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கால் மரத்து, பலவீனம் மேலேறும். மூச்சுத் தசையை எட்டினால் உயிருக்கே ஆபத்து. இதை வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து நாள் கடத்துவதுதான் வருத்தம். இம்யூனோகுளோபுலின் மருந்தோ, பிளாஸ்மா மாற்றமோ முதல் இரண்டு வாரங்களுக்குள் கிடைத்தால் நல்ல பலன் உண்டு. மருந்துச் செலவு லட்சக்கணக்கில் ஆகும். பெரும்பாலோர், மாதங்கள் சென்றாலும், மறுபடி நடக்கிறார்கள். முசிறிப் பக்கத்தில் எவருக்காவது இப்படிக் கால் துவண்டால், அன்றைக்கே திருச்சிக்கு அழைத்துச் செல்லுங்கள்.